வரைபவரே புரோகிராமும் எழுதலாம்: ரெவிட் ப்ளகின் பற்றி வாசகர் கேள்விகள்

கட்டட வடிவமைப்பு மென்பொருள் பற்றிக் கேட்டு எழுதியவர்களில் பாதிக்கு மேல் ரெவிட்டில் வேலை பார்ப்பவர்கள். அதனால் இந்த இதழில் முழுக்க ரெவிட் ப்ளகின்தான், அதாவது கட்டடத்தை முப்பரிமாண மாடலாக வரையும் அந்த மென்பொருளுக்குள் நாமே எழுதிச் சேர்க்கும் சின்ன புரோகிராம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், ஆகவே ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு எட்டு வருடமாக ஸ்ட்ரக்சுரல் டிராஃப்டிங் செய்கிறேன். புரோகிராமிங் படித்ததே இல்லை. ப்ளகின் எழுத என்னால் முடியுமா? எதில் தொடங்குவது? (ஈரோடு)

தாராளமாக முடியும். நானும் டிப்ளமோ சிவில்தான். ஆட்டோகேட்டில் ஃபுட்டிங் ஷெட்யூலை (அஸ்திவாரப் பட்டியலை) ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து சீட்டு அண்ணன் எழுதிய ஒரு சின்ன லிஸ்ப் ஃபைல்தான் எனக்கு இந்தக் கதவைத் திறந்தது. ஆட்டோலிஸ்ப் என்ற அந்தப் புரோகிராமிங் மொழி 1986-இலேயே ஆட்டோகேட்டுக்குள் வந்துவிட்டது. அதில் உருப்படியாக எழுதியவர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோரும் டிராஃப்டிங் சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஏன் என்பதற்கு உங்கள் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். தூண்களுக்கு மார்க் (அடையாள எண்) போட ஒரு ப்ளகின் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த ஒருவரிடம் கொடுத்தால் மாடலில் இருக்கும் எல்லாத் தூணையும் எடுத்து சி1, சி2 என்று வரிசையாக எண் கொடுத்துவிடுவார். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். தரைத்தளத்துத் தூணும் ஐந்தாம் தளத்துத் தூணும் ஒரே கிரிட்டில் (அச்சுக்கோடுகள் சந்திக்கும் அதே இடத்தில்) நின்றால் அது ஒரே மார்க் என்று உங்களுக்குத் தெரியும். ரெவிட்டில் அவை தளத்துக்குத் தளம் தனித்தனி எலிமென்டாக மாடல் செய்யப்பட்டிருக்கும் என்பதும் தெரியும். எனவே முதலில் பிளானில் ஒரே இடத்தில் இருப்பவற்றைச் சேர்த்து, கிரிட் வரிசைப்படி அடுக்கி, அப்புறம்தான் எண் கொடுக்க வேண்டும். புரோகிராமின் முக்கால்வாசி இந்த யோசனைதான். மிச்சத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

தொடங்க வேண்டிய இடம் டைனமோ. ரெவிட்டோடு சேர்ந்தே வருகிறது, புரோகிராம் வரிகள் எழுதாமல் திரையில் பெட்டிகளை வயரால் இணைத்தால் போதும். அதில் கை பழகியதும் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்குப் போங்கள். பைரெவிட் என்ற இலவசக் கருவியை நிறுவினால் நீங்கள் எழுதும் பைத்தான் ஸ்கிரிப்ட் ரெவிட்டின் ரிப்பனில் ஒரு பட்டனாகவே வந்து உட்காரும். சி ஷார்ப் என்ற மொழியை அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ரெவிட்டின் ஏபிஐ, அதாவது ப்ளகின் ரெவிட்டோடு பேசும் வழி, மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் அமைந்தது. அதோடு வரும் எஸ்டிகே என்ற உதவித் தொகுப்பின் மாதிரிகளில் பெரும்பாலானவை சி ஷார்ப்பில்தான் இருக்கின்றன. பெரிய ப்ளகினுக்கு என்றைக்காவது அது தேவைப்படும். அவசரம் இல்லை.

ரெவிட்லுக்அப் என்று இன்னொரு இலவசக் கருவி உண்டு. ஒரு பீமைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால் அந்த பீமுக்குள் ஏபிஐ பார்க்கும் எல்லாத் தகவலையும் விரித்துக் காட்டும். அதைத் திறக்காமல் நான் இன்றும் வேலை பார்ப்பதில்லை.

முதல் ப்ளகினுக்கு ஒரு யோசனை: மாடலில் எதையும் மாற்றாமல், படித்து மட்டும் சொல்லும் ஒன்றை எழுதுங்கள். மார்க் இல்லாத தூண்கள் எவை, எண் இல்லாத ரூம்கள் எவை, ஒரே மார்க் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா, இவ்வளவுதான். யாருடைய உழைப்பையும் கெடுக்காது. அலுவலகத்தில் மறுநாளே நாலு பேர் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. ரெவிட் எல்டி என்ற சுருக்கப் பதிப்பில் ப்ளகின் ஓடாது. உங்கள் அலுவலகத்தில் இருப்பது முழு ரெவிட்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று மீட்டர் இடைவெளியில் தூண் வைக்க 3000 என்று கொடுத்தேன். தூண்கள் எங்கோ கண்காணாத தூரத்தில் போய் நிற்கின்றன. புராஜெக்ட் யூனிட் மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. (மதுரை)

திரையில் எந்த யூனிட் வைத்திருந்தாலும் ரெவிட் உள்ளுக்குள் நீளத்தை அடியில்தான் வைத்துக்கொள்கிறது. உங்கள் 3000 என்பது 3000 அடி, அதாவது 914 மீட்டருக்கு மேல். 304.8 ஆல் வகுத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்த எண்ணைக் கையால் எழுதாமல் யூனிட்யூட்டில்ஸ் என்ற ஏபிஐ வகுப்பில் (கிளாஸில்) இருக்கும் மாற்றும் வசதியையே பயன்படுத்துங்கள். பழைய உதாரணங்களில் டிஸ்ப்ளேயூனிட்டைப் என்று இருக்கும். 2021 பதிப்பில் அதை ஓரம்கட்டி ஃபோர்ஜ்டைப்ஐடி என்ற முறைக்கு மாறினார்கள், 2022-இல் பழையது போயே போய்விட்டது. கோணங்கள் ரேடியனில் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும்.

இதிலிருந்தே இன்னொரு சிக்கலும் வரும். 230 மில்லிமீட்டர் சுவர் உள்ளே 0.7546 அடி என்பதுபோல் முடிவில்லாத தசமமாகத்தான் இருக்கும். இரண்டு அளவு சமமா என்று நேராக ஒப்பிட்டால் ‘இல்லை’ என்று வந்து நிற்கும். ஒரு சின்ன வித்தியாசத்தை அனுமதித்துத்தான் ஒப்பிட வேண்டும். அதேபோல், ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டருக்குக் குறைவான கோட்டை ரெவிட் வரையவே விடாது. சர்வேயரிடமிருந்து வந்த எல்லைக்கோட்டை அப்படியே உள்ளே கொண்டுவரும்போது இது அடிக்கடி முட்டும்.

கேள்வி: ட்ரான்ஸாக்ஷன் திறக்கவில்லை என்று பிழை வந்தது. அதனால் ஒவ்வொரு எலிமென்டுக்கும் ஒரு ட்ரான்ஸாக்ஷன் திறந்து மூடுகிறேன். இப்போது பிழை இல்லை. இது சரிதானே? (திருச்சி)

ஓடும். மாடலில் எந்த மாற்றத்தையும் ஒரு ட்ரான்ஸாக்ஷனைத் திறந்து அதற்குள்தான் செய்ய முடியும், அதை மூடியதும் அண்டூவில் அது ஒரு படியாகிவிடும். ஆனால் உங்கள் ப்ளகினைப் பயன்படுத்துபவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். 400 கதவுக்கு எண் மாற்றினீர்கள், தவறான தளத்தில் ஓட்டிவிட்டோம் என்று அவருக்கு உடனே தெரிகிறது. கன்ட்ரோல்-இசட் அழுத்துகிறார். ஒரே ஒரு கதவு பழைய நிலைக்குப் போகிறது. மிச்சம் 399. மாலை ஐந்தரைக்கு, சப்மிஷன் நாளில், இதை யாருக்கும் செய்யக் கூடாது.

பயன்படுத்துபவருக்கு ஒரு வேலை என்றால் அண்டூவிலும் அது ஒன்றாகத்தான் தெரிய வேண்டும். எல்லாக் கதவையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் மாற்றுங்கள். நடுவில் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ட்ரான்ஸாக்ஷன்குரூப் திறந்து, கடைசியில் அசிமிலேட் செய்யுங்கள், அண்டூ பட்டியலில் ஒரே வரியாகிவிடும். அந்த வரிக்கு நீங்கள் கொடுக்கும் பெயரும் அங்கே தெரியும் என்பதால் ‘டெஸ்ட்1’ என்று விடாமல் ‘கதவு எண் மாற்றம்’ என்பதுபோல் வையுங்கள். சி ஷார்ப்பில் ட்ரான்ஸாக்ஷனை யூசிங் தொகுதிக்குள் எழுதினால் பாதியில் பிழை வந்தாலும் செய்த மாற்றம் தானே திரும்பிவிடும். பாதி மாறிய மாடல்தான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஏனென்றால் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சென்ட்ரல் ஃபைலில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், ஓடத் தொடங்கும் முன் அந்த எலிமென்டுகளை வேறு யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று சோதியுங்கள். வொர்க்ஷேரிங்யூட்டில்ஸ் அதற்காகவே இருக்கிறது. ‘இந்த 12 கதவுகள் இன்னொருவரிடம் இருக்கின்றன, விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றட்டுமா’ என்று கேட்கும் ப்ளகினை மக்கள் நம்புவார்கள்.

கேள்வி: டக்ட் (ஏசி காற்றுக் குழாய்) எங்கள் ஃபைலில் இருக்கிறது, சுவர்கள் ஸ்ட்ரக்சர் லிங்கில் இருக்கின்றன. டக்ட் சுவரைக் கடக்கும் இடத்தில் ஸ்லீவ் (அது நுழையும் ஓட்டைக்கான உறை) வைக்க ப்ளகின் எழுதுகிறேன். இன்டர்செக்ட் ஃபில்டர் கொடுத்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒரு டவரில் கிடைத்தவையும் தப்பான இடத்தில் விழுகின்றன. (தோஹா)

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

லிங்க் ஃபைல் என்பது, உங்கள் ஃபைலுக்குள் இணைத்துக் காட்டப்பட்டாலும், ரெவிட்டுக்குத் தனி டாக்குமென்ட். அதற்கென்று சொந்த ஆயங்கள் (கோஆர்டினேட்) உண்டு. உங்கள் டக்ட்டையும் அவர்கள் சுவரையும் நேராக ஒட்டிப் பார்க்கும் ஃபில்டருக்கு அந்த இரண்டு ஆயத்துக்கும் நடுவில் இருக்கும் நகர்வும் திருப்பமும் தெரியாது. எனவே முதலில் ரெவிட்லிங்க்இன்ஸ்டன்ஸ்களை (லிங்க் வைக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று) எடுங்கள். ஒவ்வொன்றிடமும் கெட்லிங்க்டாக்குமென்ட் கேளுங்கள். லிங்க் அன்லோடு ஆகியிருந்தால் நல் (ஒன்றுமில்லை என்ற பதில்) வரும், அதைச் சோதிக்காமல் போகாதீர்கள். அப்புறம் அந்த நகர்வையும் திருப்பத்தையும் தரும் கெட்டோட்டல்ட்ரான்ஸ்ஃபார்ம் வாங்குங்கள். டக்ட்டின் சாலிடை (திண்ம வடிவத்தை) அந்த ட்ரான்ஸ்ஃபார்மின் தலைகீழைக் கொண்டு லிங்கின் ஆயத்துக்கு மாற்றுங்கள். மாற்றிய சாலிடை வைத்து லிங்க் டாக்குமென்டில் எலிமென்ட்இன்டர்செக்ட்ஸ்சாலிட் ஃபில்டரை ஓட்டினால் சுவர் கிடைக்கும். அதற்கு முன்னால், பொருளைச் சுற்றிய பெட்டியை மட்டும் பார்க்கும் பவுண்டிங்பாக்ஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். அது வேகமானது, சாலிட் ஒப்பீடு மெதுவானது.

டவரில் இடம் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: ஒரே லிங்க் ஃபைலை இரண்டு மூன்று இடத்தில் வைத்திருப்பார்கள். ஃபைல் ஒன்று, இன்ஸ்டன்ஸ் பல, ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரான்ஸ்ஃபார்ம். நீங்கள் முதல் இன்ஸ்டன்ஸின் ட்ரான்ஸ்ஃபார்மையே எல்லாவற்றுக்கும் போட்டிருப்பீர்கள்.

சுவர் கிடைத்ததும், டக்ட்டின் மையக்கோட்டைச் சுவரின் சாலிடோடு வெட்டிப் பாருங்கள். உள்ளே நுழையும் புள்ளி, வெளியே வரும் புள்ளி இரண்டும் கிடைக்கும். நடுப்புள்ளியில் ஸ்லீவ், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அதன் நீளம். டக்ட் சாய்வாகக் கடந்தால் இந்த நீளம் சுவரின் கனத்தைவிடக் கூடுதலாக வரும், அது சரிதான். ஸ்லீவ் ஃபேமிலியின் (ரெவிட்டில் ஒரு பொருளின் வார்ப்பு) சிம்பலை வைப்பதற்கு முன் ஆக்டிவேட் செய்ய மறக்காதீர்கள்.

நுட்பம் இவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

லிங்கில் இருக்கும் சுவரை உங்கள் ஃபைலிலிருந்து வெட்ட முடியாது. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. அந்தச் சுவர் ஷியர் வாலாக (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவராக) இருக்கலாம். ஓட்டை விழும் இடத்தில் கம்பி நெருக்கமாக இருக்கலாம். பீமில் என்றால் சப்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை போட ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சம்மதிக்கவே மாட்டார். உங்கள் ப்ளகின் வைப்பது ஒரு விண்ணப்பம். முடிவு அவருடையது. எனவே ஸ்லீவ் ஃபேமிலியில் ‘நிலை’ என்று ஒரு பாராமீட்டர் வையுங்கள்: கேட்டது, ஒப்புக்கொண்டது, மறுத்தது. சுவரின் கனம், கடக்கும் சர்வீஸ், அடிமட்டத்தின் உயரம், எல்லாவற்றையும் ஸ்லீவிலேயே எழுதிவையுங்கள். அவர் பட்டியலைத் திறந்ததும் முடிவெடுக்கும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும்.

அடுத்தது, ப்ளகினை இரண்டாம் முறை ஓட்டும்போது என்ன ஆகிறது. நான் பார்த்த பல ஸ்லீவ் ப்ளகின்கள் பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக வைக்கின்றன. எழுதுபவருக்கு அது சுலபம். ஆனால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் மூன்று வாரமாக ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிய ஒப்புதல், குறிப்பு, டிராயிங்கில் போட்ட டேக், டைமென்ஷன் எல்லாம் அந்த எலிமென்டோடு சேர்ந்து போய்விடும். அந்த மனிதர் இனி உங்கள் ஃபைலைத் திறக்கவே தயங்குவார்.

அதனால் ஒவ்வொரு ஸ்லீவிலும் எந்த டக்ட், எந்த லிங்க் இன்ஸ்டன்ஸ், எந்தச் சுவர் என்று மூன்றின் யூனிக்ஐடியையும் (தனி அடையாளத்தையும்) சேர்த்துவையுங்கள். பயனர் கண்ணில் படாமல் வைக்க எக்ஸ்டென்சிபிள் ஸ்டோரேஜ் இருக்கிறது. மறுபடி ஓடும்போது அதே மூவர் மறுபடியும் சந்தித்தால் இருக்கும் ஸ்லீவை நகர்த்துங்கள், அளவை மாற்றுங்கள். ஒரே டக்ட் வளைந்து போய் அதே சுவரை இரண்டு இடத்தில் கடப்பதும் உண்டு, அப்போது பழைய இடத்துக்கு அருகில் இருப்பதைப் பொருத்துங்கள். ஒப்புக்கொண்ட ஸ்லீவ் நகர்ந்திருந்தால் அதன் நிலையை மீண்டும் ‘கேட்டது’ என்று மாற்றி, எவ்வளவு நகர்ந்தது என்றும் எழுதுங்கள். டக்ட்டே போய்விட்டால் அழிக்காமல் ‘அநாதை’ என்று குறித்துக் காட்டுங்கள், மனிதர் பார்த்து அழிக்கட்டும். கடைசியில் ஒரு அறிக்கை: புதியவை எத்தனை, நகர்ந்தவை எத்தனை, அநாதை எத்தனை.

இதற்கு உங்களுக்கு இருமடங்கு நேரம் ஆகும். கான்கிரீட் போட்ட பிறகு அதைத் துளைக்க கோர் கட்டிங் மெஷினோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆகும் செலவுக்கு முன் இது ஒன்றுமே இல்லை.

கேள்வி: பெரிய மாடலில் ப்ளகின் ஓடும்போது ரெவிட் உறைந்துவிடுகிறது. தனி த்ரெட் (இணையாக ஓடும் செயல் இழை) போட்டேன், கிராஷ் ஆகிறது. (சென்னை)

ரெவிட்டின் ஏபிஐயை ரெவிட்டின் த்ரெட்டிலிருந்து மட்டுமே அழைக்க வேண்டும். வேறு த்ரெட்டிலிருந்து தொட்டால் கிராஷ்தான். வேண்டிய எண்களை முதலில் படித்து எடுத்து உங்கள் சொந்த வகுப்புகளில் வைத்துக்கொள்ளுங்கள், கனமான கணக்கை வேறு த்ரெட்டில் போடுங்கள், முடிந்ததும், ரெவிட் தன் த்ரெட்டிலேயே நம்மை அழைக்கும் எக்ஸ்டர்னல்ஈவன்ட் வழியாகத் திரும்பி வந்து மாடலில் எழுதுங்கள். திறந்தே இருக்கும் விண்டோ வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

ஆனால் த்ரெட்டைத் தொடும் முன், மாடலிலிருந்து எலிமென்டுகளைத் திரட்டித் தரும் உங்கள் கலெக்டரைப் பாருங்கள். எல்லா எலிமென்டையும் எடுத்து, லூப்பில் ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்து ஒதுக்குகிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். ஆஃப்கேட்டகரி, ஆஃப்கிளாஸ் என்ற வடிகட்டிகள் இரண்டையும் முதலில் போட்டாலே நிறையப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: அலுவலகம் 2025 பதிப்புக்கு மாறியது. நன்றாக ஓடிய ப்ளகின் லோடே ஆகவில்லை. (கோவை)

2021 முதல் 2024 வரை டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. 2025-இல் ரெவிட் டாட்நெட் 8-க்கு மாறிவிட்டது. சோர்ஸிலிருந்து ப்ளகினை மறுபடி பில்டு செய்தே (உருவாக்கியே) ஆக வேண்டும். போகிற வழியில் எலிமென்ட்ஐடியையும் (ஒவ்வொரு எலிமென்டின் எண்) கவனியுங்கள்: 2024-இல் அது 64 பிட் ஆனது, இன்டெஜர்வேல்யூவுக்குப் பதில் வேல்யூ. ஐடியை இன்ட் (32 பிட் எண்) என்று எங்காவது சேமித்திருந்தால் லாங் (64 பிட் எண்) ஆக்குங்கள்.

பழைய பதிப்பை உடனே கைவிட்டுவிடாதீர்கள். ரெவிட் ஃபைலைப் பழைய பதிப்புக்குத் திருப்பிச் சேமிக்க முடியாது என்பதால், ஒரு புராஜெக்ட் தொடங்கிய பதிப்பிலேயே வருடக்கணக்கில் ஓடும். ஒரே சோர்ஸிலிருந்து இரண்டு டாட்நெட்டுக்கும் பில்டு ஆகும்படி புராஜெக்ட் ஃபைலை அமைத்துக்கொள்ளுங்கள். ரெவிட்ஏபிஐ டிஎல்எல் ஃபைல்கள் ப்ளகினோடு நகலாகாதபடி அவற்றுக்கு காப்பி லோக்கல் ஃபால்ஸ் என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏஐயிடம் கேட்டு எழுதலாமா? (சேலம்)

எழுதலாம், நானும் கேட்கிறேன். மேலே சொன்ன டிஸ்ப்ளேயூனிட்டைப் போன்ற போய்விட்ட பெயர்களையும், ஏபிஐயில் இல்லவே இல்லாத மெத்தடுகளையும் அது நம்பிக்கையோடு எழுதித் தரும். உங்கள் பதிப்பின் ஏபிஐ ஆவணத்தைத் திறந்து சரிபாருங்கள். ஓடுகிறது என்பதற்காக மட்டும் நிஜ மாடலில் விடாதீர்கள், சென்ட்ரல் ஃபைலிலிருந்து டிடாச் செய்த (பிரித்த) நகலில் முதலில் ஓட்டுங்கள்.

கேள்வி: அலுவலக நேரத்தில் நான் எழுதிய ப்ளகினை வெளியே விற்கலாமா? (ஓசூர்)

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் ஒரு பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். புரோகிராமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள், அப்புறம் நேராகப் போய்ப் பேசுங்கள். மறைத்து விற்க வேண்டாம். உங்கள் பெயரைப் போட்டு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஒத்துக்கொண்ட அலுவலகங்களும் உண்டு.

கேள்வி: ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு. எல்லாமே விலை உயர்ந்த மென்பொருளாக இருக்கிறது. காசில்லாமல் இதைக் கற்க வழி உண்டா? (திருநெல்வேலி)

உண்டு, தங்கச்சி. மாணவர் என்று நிரூபித்தால் ஆட்டோடெஸ்க் ஒரு வருட உரிமம் இலவசமாகத் தருகிறது, படிக்கும் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி பதிப்பும் இலவசம். பைரெவிட், ரெவிட்லுக்அப் இரண்டையும் முன்பே சொல்லிவிட்டேன்.

உன் லேப்டாப் ரெவிட்டைத் தாங்காது என்றால் அதற்காகக் கடன் வாங்காதே. ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருள் இலவசம், அதற்குள்ளேயே பைத்தான் இருக்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் பொன்சாய் என்ற ஆட்-ஆன் போட்டால் கட்டட மாடலை ஐஎஃப்சி வடிவிலேயே திறந்து திருத்தலாம். அதற்கு அடியில் இருக்கும் ஐஎஃப்சிஓப்பன்ஷெல் என்ற பைத்தான் நூலகம் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும். ஐஎஃப்சி ஒரு நிறுவனத்தின் சொத்து அல்ல, ஐஎஸ்ஓ 16739 என்ற பொதுத் தரம். ரெவிட்டிலிருந்தும் ஆர்க்கிகேடிலிருந்தும் அந்த வடிவில் ஃபைல் எடுக்கலாம்.

இப்படிச் செய்து பார்: கல்லூரி சீனியர் யாரிடமாவது ஒரு வீட்டு மாடலின் ஐஎஃப்சி ஃபைலை வாங்கு. அதில் உள்ள கதவுகளை எல்லாம் பட்டியலிட்டு, அகலம் 900 மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றைத் தனியாக எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுது. சக்கர நாற்காலியில் வருபவர் அந்த வீட்டில் எந்த அறைக்குள் நுழைய முடியாது என்று அதை வைத்துக் கண்டுபிடி. ஓடினால் ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் அதைப் பற்றியே பேசலாம்.